தேயிலைக்கு மூக்கு உண்டு

சீஸ் உருகும் வாசனை வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். கூட வேலை செய்பவர்கள் எனக்குப் பால் பொருள் ஒத்துக்கொள்ளாது என்று நினைத்திருக்கிறார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒத்துக்கொள்ளாதது வயிற்றுக்கு இல்லை என்றால் பின்னே எதற்கு என்று கேட்பார்கள், அதற்கு நான் சூரியநெல்லியிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சூரியநெல்லிக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில், ஓர் அறையும் அடுப்படியுமாக இருந்த வீட்டில், அம்மாவும் மாமாவும் நானும் இருந்தோம். மாமா அம்மாவின் தம்பி. அப்பா நான் தவழும் காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். லயத்து வீடு யாருக்கும் சொந்தமில்லை. குடும்பத்தில் ஒருவர் பெயராவது எஸ்டேட் வேலைப் பதிவில் இருக்கும்வரை குடியிருக்கலாம். பெயர் போனால் வீடும் போகும். எங்கள் வீட்டில் இருந்த ஒரே பெயர் மாமாவுடையது. அவர் தேயிலை ஃபேக்டரியில் பெரிய விறகடுப்பைப் பார்த்துக்கொண்டார். அந்த அடுப்பின் சூட்டை ஒரு பெரிய விசிறி இழுத்து டிரையருக்குள் தள்ளும். தூள் உலர்வது அதில்தான்.

அம்மாவுக்குச் சின்னக்கானல் பக்கம் ஒரு ரிசார்ட் சமையலறையில் காய் நறுக்கும் வேலை. நறுக்கிக்கொண்டே பார்த்ததில் பாதிச் சமையல் அவளுக்குக் கைவந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு வெள்ளைக்காரர்கள் என்னென்ன தின்றார்கள் என்று எனக்கு ஒன்றுவிடாமல் சொல்வாள். கஞ்சிக்குக் கருவாட்டைக் கடித்துக்கொண்டு நான் அதைக் கேட்பேன். கேட்ட பதார்த்தங்களில் என்னைப் பிடித்து ஆட்டியது நியோக்கி. உருளைக்கிழங்கில் பிடித்த குட்டிக் கொழுக்கட்டைகள், அவற்றின்மேல் தக்காளிக் குழம்பு, அதற்கும் மேலே சீஸ். சூட்டில் சீஸ் உருகி, பொன்னிறமாகி, கொப்புளித்து வரும் என்று அம்மா கையால் காட்டுவாள்.

ஆனி மழையில் ஆள் வராமல் ரிசார்ட்டைச் சாத்தியபோது, வீணாய்ப் போகப்போகிறதே என்று ஒரு கட்டி சீஸை அம்மாவிடம் கொடுத்தனுப்பினார்கள். அதைக் கண்டதிலிருந்து நான் பிடித்த பிடியை விடவில்லை. சாப்பிட மாட்டேன் என்றேன், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றேன். நம் அடுப்பில் கீழேதான் சூடு வரும், இதற்கு மேலேயும் சூடு வேண்டும் என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில் மாமாதான் வாயைக் கொடுத்தார்.

"நம்ம ஃபேக்டரி அடுப்புல வச்சுத் தாரேங்க்கா. அங்க சுத்தியும் சூடுதான். கப்பக்கிழங்கு வேகுது, இது வேகாதா?"

"வேணாம்டா தம்பி. வாசம் தூள்ல ஏறிருச்சுன்னா?"

"பொகையே கூண்டு வழியா மேல போயிருது. தூளு அந்தப் பக்கம் கெடக்கு. பிள்ள ஆசப்படுதுல்ல."

அங்கே தேயிலைக்கு மூக்கு உண்டு என்பார்கள். பக்கத்தில் எது மணந்தாலும் இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் பெண்கள் தலைப்பூவை ஃபேக்டரி வாசலிலேயே எடுத்து வைத்துவிட்டு உள்ளே போவார்கள், ஆண்கள் உள்ளே பீடியைத் தொட மாட்டார்கள். ஆனால் அடுப்பு மேடையில் கப்பக்கிழங்கு சுடுவது மட்டும் காலங்காலமாக நடந்துவந்தது. கிழங்குக்கு என்ன பெரிய வாசம் என்று அதை யாரும் பொருட்படுத்தவில்லை. மாமாவும் அந்தத் தைரியத்தில்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா உருளைக்கிழங்கை அவித்து, சூடு ஆறுமுன் மசித்து, மைதாவும் முட்டையும் சேர்த்துப் பிசைந்தாள். நான் விரல் பருமனுக்கு உருட்டித் துண்டு போட்டேன். கோடு போட முள்கரண்டி வேண்டுமாம். அது எங்களிடம் ஏது? அம்மா ஒரு புதுச் சீப்பைக் கழுவித் தந்தாள். சீப்பின் பல்லில் ஒவ்வொன்றாக அழுத்தி உருட்டினேன். கொதிக்கிற தண்ணீரில் போட்டதும் அவை முங்கி, சற்று நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வந்தன. நான் கைதட்டினேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் எந்த வீட்டிலும் பார்க்கவில்லை.

விளிம்பு குறைந்த ஒரு அலுமினியத் தட்டில் எல்லாவற்றையும் பரப்பி, அம்மா பாதி சீஸை மட்டும் துருவித் தூவினாள். நிறையப் போட்டால் பொங்கி வழியும் என்று சொல்லிவிட்டு, மீதியை எடுத்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். அந்த இடைவெளியில் மீதியையும் நானே துருவிப் போட்டு மூடிவிட்டேன். மூடியைத் தூக்கிப் பார்த்த மாமா என்னைப் பார்த்தார். கண்ணைச் சிமிட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தட்டு திரும்பி வந்தது. அம்மா சொன்னபடியே பொன்னிறம், சொன்னபடியே கொப்புளம். தட்டின் ஓரமெல்லாம் மட்டும் கரி. அடுப்பு மேடை இரும்பில் வழிந்து கொஞ்சம் கருகிவிட்டது என்று மாமா சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மாவின் கை கரண்டியோடு நின்றது.

"விசிறி ஓடுச்சா?"

"ஓடுச்சு."

வழிந்த சீஸ் சுட்ட இரும்பில் தீய்ந்திருக்கிறது. அடுப்பைச் சுற்றியிருந்த காற்றை விசிறி இழுத்து அப்படியே தூளுக்குள் ஊதியிருக்கிறது. புகைக்கூண்டை நினைத்த மாமா விசிறியை நினைக்கவில்லை. எனக்கு அதெல்லாம் தெரியாது. கடைவாயில் சீஸ் நூலாக இழுபட, நாளைக்கும் செய்யலாமா என்று கேட்டேன். "செய்யலாம்த்தா" என்ற மாமா, தன் பங்கிலும் பாதியை என் தட்டில் தள்ளினார். அம்மா ஒரு வாய்கூட வைக்கவில்லை. மிச்சமானால் எனக்குத்தானே என்று நான் அவளை வற்புறுத்தவும் இல்லை.

மறுநாள் டீமேக்கர் கண்டுபிடித்துவிட்டார். தூளின் பதத்துக்கும் மணத்துக்கும் அவர்தான் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைத் தூளை எத்தனை தரம் காய்ச்சிக் குடித்தும் ஏதோ புளித்த வாடை வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டாராம். ஃபேக்டரியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் அந்த மேடையில் கிழங்கு சுட்டவர்கள். தவிர மாமாவை எல்லோருக்கும் பிடிக்கும். எலி செத்துக் கிடந்திருக்கும் என்று யாரோ சொல்ல, இரண்டு நாள் எலியைத் தேடினார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் அப்படியே அமுங்கியிருக்கும்.

டீமேக்கரின் மகள் என் வகுப்பில் பக்கத்து இடம். புதன்கிழமை மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே, ஃபேக்டரியில் ஒரே நாற்றம், அப்பா சரியாகச் சாப்பிடக்கூட இல்லை என்று மூக்கைப் பிடித்துக் காட்டினாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அது ஒன்றும் நாற்றமில்லை, வெள்ளைக்காரர்கள் சாப்பிடுகிற நியோக்கி, என் அம்மா செய்தாள், என் மாமா ஃபேக்டரி அடுப்பில் சுட்டுத் தந்தார், உங்கள் வீட்டில் என்றைக்காவது தின்றிருக்கிறாயா என்று வகுப்புக்கே கேட்கும்படி சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடுத்தது மாமாவை.

வியாழக்கிழமை மாமாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கிழங்கு சுட்ட மற்றவர்களின் பெயரைச் சொல்லியிருந்தால் கண்டிப்போடு போயிருக்குமோ என்னவோ. அவர் ஒருவரையும் சொல்லவில்லை. அக்கா அளவாய்த்தான் சீஸ் போட்டாள், ஆசைக்கு நான்தான் அள்ளிப் போட்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பெயரை எடுத்துவிட்டார்கள். மாதம் முடிவதற்குள் வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள்.

நாங்கள் போடிக்கு இறங்கினோம். அம்மா ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனாள். மாமா வாளையாரில் லாரிக்குச் சிமெண்ட் மூட்டை ஏற்றப் போனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் வருவார், ஒவ்வொரு பொங்கலுக்கும் இன்னும் கொஞ்சம் இருமிக்கொண்டு. போன ஆவணியில் அவர் இறந்தபோது, வாளையாரில் அவர் குடியிருந்த ஒற்றை அறையைக் காலி செய்ய நான்தான் போனேன். மன்னிப்புக் கேட்க எனக்கு இருபது வருஷம் இருந்தது. ஒரு பொங்கலுக்குக்கூட நான் கேட்கவில்லை.

லயத்தை விட்டு வந்த அன்றைக்கு ஜீப்பில் பாத்திரம் பண்டங்களுக்கு நடுவே மாமாவும் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். அம்மா முன்னால். போடிமெட்டு வளைவுகளில் பாத்திரங்கள் உருண்டன. மாமா என் காதருகே குனிந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"பள்ளிக்கூடத்துல அந்தப் பிள்ளகிட்ட என்னத்தா சொன்ன?"

"எங்க வீட்டுச் சாப்பாடு மாதிரி யாரு வீட்லயும் கெடையாதுன்னு சொன்னேன்."

அவர் உருண்டு வந்த ஒரு பாத்திரத்தைக் காலால் தடுத்து ஓரமாக நிறுத்தினார்.

"ஆமா, கெடையாதுதான். இத அம்மாட்ட சொல்லிராத, என்ன?"

எதைச் சொல்லக்கூடாது என்கிறார், ஏன் சொல்லக்கூடாது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் மாமாவுக்கும் எனக்கும் மட்டும் ஒரு ரகசியம் இருப்பது பிடித்திருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் மடியில் படுத்து, மலை இறங்கும்வரை நிம்மதியாகத் தூங்கினேன்.