அருவாளோடு வரச் சொன்ன குரல்

"எல்லம்மாள், வயது 54. தீவிரக் கருத்துகளைப் பரப்பும் இணையக் குழுவின் நிர்வாகி. தொழில்நுட்பத்தில் தேர்ந்தவர். ஆயுதங்களுடன் திரளுமாறு குரல்வழி ஆணையிடுபவர்."

செங்கல்பட்டில் ஒரு விசாரணை அலுவலகத்தின் கோப்பு அப்படித்தான் சொன்னது.

அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே ஓர் ஊரில் அறுப்புக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி எல்லம்மாள். படிக்கத் தெரியாது, வாட்ஸப்பில் மைக்கை அமுக்கிப் பேசத் தெரியும். 'அறுப்பு செட்டு' என்ற குழுவைத் தொடங்கியவன் பக்கத்து வீட்டு ஹேமந்த். சிறுசேரியில் வேலை கிடைத்ததும் விலகிக்கொண்டான். செயலி தானாகவே எல்லம்மாளை நிர்வாகியாக்கியது. இந்தப் பதவி உயர்வு அவளுக்கு விசாரணையில்தான் தெரியவந்தது.

செட்டில் பாதிப் பேர் மேட்டுத் தெரு, பாதிப் பேர் சர்ச்சுத் தெரு. தை மாதம் ஒரு சாயங்காலம் குழுவில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. மேட்டுத் தெரு வெங்கடேசன் கடப்பாரையால் சர்ச் சிலுவையை உடைக்கிறான். பின்னால் ஓர் ஆவேசக் குரல், இன்னும் பொறுக்கலாமா என்று கேட்கிறது. செயற்கை நுண்ணறிவின் கைவேலை என்பது பிற்பாடு தெரிந்தது.

"உங்க தெருக்காரன் லட்சணத்த பாத்தியா?" என்று பிரிசில்லா பேசிப் போட்டாள்.

"தெருவ இழுத்தின்னா நடக்கிறதே வேற," என்றாள் மேட்டுத் தெரு சாரதாம்பாள்.

விடிந்தால் செங்கல்வராயன் கழனியில் அறுப்பு. மழையில் சாய்ந்த நெல். மெஷின் சேற்றில் இறங்காது. எல்லம்மாள் மைக்கை அமுக்கினாள்.

"இன்னாங்கடி சண்ட? சர்ச்சு இன்னா டில்லியிலயா கீது? காலைல ஆறு மணிக்கு எல்லாரும் அருவாளோட சர்ச்சாண்ட வந்துடுங்க. ஒடஞ்சிகீதா இல்லயான்னு பாத்துட்டு, அப்டியே கழனிக்கு போயிடலாம்."

குழுக்களில் தீவிரவாதம் தேடும் போலீஸ் மென்பொருள், வீடியோவை 'ஆன்மிகம்' என்று வகைப்படுத்தி விட்டுவிட்டது. எல்லம்மாளின் குரலில் ஆறு மணி, அருவாள், சர்ச் ஆகிய மூன்றை மட்டும் பொறுக்கிக்கொண்டது.

செங்கல்பட்டு அலுவலகத்தில் சப் இன்ஸ்பெக்டர் ஜெயப்பிரியா, மென்பொருள் வெட்டிக் கொடுத்த துண்டை ஓடவிட்டார். பதில் சரியில்லை என்றால் வழக்கு, ஜெயில்.

"இது உங்க குரலா?"

"எந்துதாம்மா. சளி புடிச்சிருந்துச்சி."

"அருவாள் எதுக்கு?"

"பின்ன, பல்லால கடிச்சா நெல்லு அறுப்பாங்க?"

"உங்களுக்கு மேல யாரு உத்தரவு போடறது?"

"செங்கல்வராயன். ஆனா அவரு சொன்னா எவளும் வரமாட்டா, நான்தான் சொல்லணும்."

இந்தப் பதில் கோப்புக்குத்தான் சாதகமாக இருந்தது. ஜெயப்பிரியா பேனாவை மூடிவிட்டு, எல்லம்மாளின் போனை வாங்கி முழுப் பதிவையும் கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார். பிறகு, வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிரிசில்லாவையும் சாரதாம்பாளையும் கூப்பிட்டார்.

"அன்னைக்கு காலைல என்ன நடந்தது?"

"சிலுவ முழுசா இருந்துச்சி மேடம்," என்றாள் பிரிசில்லா. "இவதான் மூஞ்ச தூக்கி வச்சிகினு வந்தா."

"நீ மட்டும் சிரிச்சிகினா வந்த?" என்றாள் சாரதாம்பாள்.

ஜெயப்பிரியா கோப்பின் பழைய வரிகளைக் குறுக்கே அடித்தார். கீழே எழுதினார்:

'எல்லம்மாள் இரு தெருப் பெண்கள் இருபத்தாறு பேரை சர்ச் வாசலுக்கு வரவழைத்து, சிலுவை உடையவில்லை என்று காட்டி, நெல் அறுக்க அழைத்துப் போனார்.'