அப்பா சிரிக்கப் பழகியது

எங்கள் வீட்டில் பொழுது அப்பாவின் கத்தலோடுதான் விடியும். மர்பி டவுனிலிருந்து அவர் ஊரின் மறுகோடியில், பீன்யாவில் இருந்த ஃபேக்டரிக்குப் போக வேண்டும். கம்பெனி வண்டி யாருக்காகவும் நிற்காது. துண்டைக் காணோம், ஒரு கால் சாக்ஸைக் காணோம், டிபன் டப்பா மூடியைக் காணோம் என்று வீட்டைத் தலைகீழாக்கிவிட்டு அவர் கிளம்பிய பிறகு, அம்மா கொஞ்ச நேரம் அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது அப்பாவுக்கு பி.பி. இருப்பது தெரிந்தது. காலை நேரத்தில் டென்ஷன் கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அப்பா எதையும் அரைகுறையாகச் செய்கிறவரல்ல. அல்சூர் ஏரிக்கரையில் ஒரு கூட்டம் உடம்புக்கு நல்லதென்று தினமும் வட்டமாக நின்று சிரிப்பதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து வீட்டில் புதுச் சட்டம். எல்லாரும் இருட்டோடு எழ வேண்டும். யாரும் கத்தக்கூடாது. கண்ணை மூடி மூச்சை இழுத்து விட வேண்டும். கடைசியாகக் கைகளைத் தூக்கி வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்.

"எதுக்குங்க சிரிக்கணும்?" என்றாள் அம்மா.

"சும்மாத்தான். காரணம் இருந்தா அது எக்சர்சைஸ் இல்ல."

அதுவரை அதிகம் சிரித்தறியாத மனிதர். அவருடைய ஹா ஹா ஹா, குளிரில் லாரி கிளம்ப மறுப்பது போலிருந்தது. சாக்ஸைத் தேடும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு ஹா ஹா என்றார். நானும் அண்ணனும் அவரைப் பார்த்துத்தான் சிரித்தோம். அதற்கு அவரிடமே நல்ல பெயரும் வாங்கினோம்.

எங்கள் வரிசை வீடுகளில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். அதுவும் ஓடு வரைக்கும் போகாது. ஒருநாள் நாங்கள் மும்முரமாகச் சிரித்துக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தடதடவென்று தட்டினார்கள். பக்கத்து வீட்டு அத்தை. அவிழ்ந்த கூந்தலைக்கூட முடியாமல் வந்திருந்தாள்.

"ஏண்ணா, என் பொண்ணு கல்யாணம் நின்னுபோனது உங்களுக்கு அவ்ளோ குஷியா? தினம் விடிஞ்சா குடும்பமே உக்காந்து சிரிக்கிறீங்க?"

பத்திரிகை அடித்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய் ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு எடுத்த பாவாடையை இனி எப்போது உடுத்துவது என்பதுதான் என் கவலை. அப்பாவோ புதுப் பழக்கத்தின் ஜோரில் அதை மறந்தே போயிருந்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ தங்கச்சி, இது பி.பி.க்காகம்மா!"

"சிரிச்சா பி.பி. போயிடுமா? எங்க, இப்ப என் முன்னாடி செஞ்சு காட்டுங்க."

வரிசையில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அப்பா வாசலில் நின்று கைகளைத் தூக்கினார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார், விக்கல் மாதிரி ஏதோ வந்தது. அதற்குள் லுங்கி அவிழத் தொடங்கவே, ஒரு கையை அவசரமாக இறக்கி அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையை மட்டும் மேலே வைத்தபடி, அழாக்குறையாக "ஹோ... ஹோ..." என்றார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தையால் முடியவில்லை. குபீரென்று சிரித்துவிட்டாள். "போதும்ணா, விட்டுடுங்கண்ணா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தாள். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் நீர் கொட்டியது. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கிக்கொண்டே இருந்தன. அம்மா ஓடிப்போய் அவளை அணைத்துக்கொண்டு, எங்களை உள்ளே போகும்படி கண்ணைக் காட்டினாள். அன்று கம்பெனி வண்டி போய்விட்டது. அப்பா கத்தவில்லை.

எனக்கு ஒரே வியப்பு. கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரிப்பதுதான் சரியான சிரிப்பு என்று அப்பா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். எங்களில் யாருக்கும் வராதது அத்தைக்கு முதல் நாளே வந்துவிட்டதே! மறுநாள் விடிந்ததும் நானே போய் அவள் கதவைத் தட்டினேன்.

"அத்தை, சிரிக்க வாங்க."

கதவைத் திறந்தவளின் கண்கள் வீங்கியிருந்தன. என் கன்னத்தைத் தடவி, "இன்னிக்கு வேணாம் கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.

அத்தைக்குச் சிரிப்பு நன்றாக வருகிறது, தினமும் எழுந்து செய்வதற்குத்தான் சோம்பல் என்று அப்பாவிடம் வந்து புகார் சொன்னேன்.