ரேடாருக்குத் தெரியாத மலைப்பக்கம்

பேய், பிசாசு, அருள்வாக்கு எதையும் நம்புகிற ஆள் இல்லை நான். கோயில் மலைக்கே நான் பொங்கலுக்காகத்தான் ஏறுகிறேன் என்று என் அக்கா இன்றைக்கும் திட்டுவாள். அதனால் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் பாதியிலேயே எழுந்து போயிருப்பேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. மெட்ராஸ் விமான நிலையத்தில் வயர்லெஸ் பிரிவில் எனக்கு வேலை. அங்கிருந்த ரேடார் நேர்கோட்டில்தான் பார்க்கும். மலைக்குப் பின்னால் நடப்பது அதற்குத் தெரியாது, நமக்குத் தெரியாத மாதிரியே. திருத்தணி மலைக்கு மேற்கே தாழ்வாகப் பறக்கும் விமானம் திரையிலிருந்து காணாமலே போய்விடும். எங்கே மறைகிறது, எங்கே மறுபடி தெரிகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன விமானத்தைச் சுற்றவிட்டுச் சோதித்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு குன்றின்மேல் வயர்லெஸ் பெட்டியோடு ஒருவர் நின்று, விமானத்தைக் கண்ணால் பார்த்து விமானிக்குச் சொல்ல வேண்டும். "உன் ஊர்தானே, நீயே போ" என்று என்னை அனுப்பினார்கள். திறமையைப் பார்த்து அனுப்பினார்கள் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன்.

எனக்குச் சோறு கொண்டுவந்தவர் பாவா, அக்கா புருஷன். அம்மையார்குப்பத்தில் தறி போட்டிருந்தார். நான் எது சொன்னாலும் இல்லை என்பதே அவர் வழக்கம்.

"இன்னா மச்சான், ஏரோப்ளேன் வந்துகினு இருக்குதுன்னு சொல்றதுக்கா சர்க்காரு சம்பளம் தருது? எங்க ஊர்ல கொயந்தைங்க சும்மாவே சொல்லுதுங்க."

"கொயந்தைங்க கையாட்டும் பாவா. நான் கையாட்டாம சொல்லணும், அதுக்குத்தான் சம்பளம்."

விமானி வேலூர்க்காரர், கேப்டன் சேகர். பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்கிற மாதிரி நிதானமாகப் பேசுவார். காலைச் சுற்றுகள் நன்றாகவே முடிந்தன. மதியத்துக்கு மேல் அவர் மறுபடி மலைக்குப் பின்னால் வந்த நேரம் பார்த்து, நகரி பக்கமிருந்து மழை இறங்கியது. நம்புவீர்களோ மாட்டீர்களோ, அவ்வளவு பெரிய மலை கண்ணெதிரே கரைந்துபோய்விட்டது. மெட்ராஸ் ரேடாரில் அவர் இல்லை, அவர் பேச்சும் அங்கே எட்டவில்லை. அவர் குரல் கேட்கிற ஒரே ஜீவன் பூமியில் நான்தான்.

தனக்கு எதுவும் தெரியவில்லை, மலை எந்தப் பக்கம் இருக்கிறது, சத்தத்தை வைத்துச் சொல்ல முடியுமா என்று இங்கிலீஷில் கேட்டார். வானத்தில் இங்கிலீஷ்தான் விதி.

சத்தம் நாலு பக்கமும் இருந்தது. வலது என்று நான் சொல்லி அது தப்பாகிவிட்டால் ஒரு மனிதர் செத்தார். அந்தப் பெட்டியில் பட்டனை அமுக்கினால் நாம் பேசலாம், விட்டால்தான் மறுபக்கத்துப் பேச்சு நமக்குக் கேட்கும். அமுக்கினேன். ஊரில் யாராலும் மூட முடியாத என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. விரலும் பட்டனை விடவில்லை.

"இன்னா மச்சான், வாய்ல கொயுக்கட்டையா? பேசுடா!" என்று பாவா கத்தினார், உலுக்கினார், கடைசியில் என் கட்டைவிரலைப் பிடித்துப் பிய்த்தார்.

பெட்டியில் சேகர் குரல். "நன்றி திருத்தணி. மலையைத் தாண்டிட்டேன்."

நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்கு வந்துவிட்டு, அக்கா வீட்டுக்கே என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன நிதானம் சார் உங்களுக்கு! 'வலப்பக்கம் திரும்பிகினே ஏறுங்க. போதும். அப்படியே இருங்க, பயம் இல்ல.' எத்தனையோ பேர் வழி சொல்லிக் கேட்டிருக்கேன், இப்படி ஒருத்தரைக் கேட்டதில்லை."

தமிழில் பேசியதற்கு மெமோ வருமோ என்பதுதான் எனக்கு வந்த முதல் கவலை. அப்புறம்தான், நான் பேசவே இல்லையே என்று சொன்னேன்.

"ஆங், இவன் பேசலீங்க," என்றார் பாவா. அக்காவைக் கட்டியதிலிருந்து என் பேச்சை அவர் ஆமோதித்தது அன்றைக்குத்தான். "வாயத் தொறந்துகினு நின்னான், அவ்ளோதான். நான் பக்கத்துலயே இருந்தேன். மழைச் சத்தமும் ஏரோப்ளேன் சத்தமும் தவிர வேற ஒண்ணும் கேக்கல."

சேகர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அங்கே வேறு பெட்டி கிடையாது. யார் பேசியிருந்தாலும் என் கையிலிருந்த பெட்டி வழியாகத்தான் பேசியிருக்க வேண்டும். அந்தப் பேச்சில் வேண்டாத சொல் ஒன்று இல்லை, பதற்றம் துளி இல்லை. ரிட்டையர் ஆகும்வரை அப்படிப் பேசிப் பார்த்தேன், வரவில்லை. அந்தக் குரலை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டுதான் வேலை பார்த்தேன். அதை நம்பி, கண் தெரியாத வானத்தில் விமானத்தைத் திருப்பினாரே, அவரையும் சேர்த்து.

கிளம்பும்போது சேகர் கேட்டார். "ஆமா, எனக்கு முன்னாடி போனது எந்த விமானம்?"

"முன்னாடியா?"

"நீங்கதானே சார் சொன்னீங்க, 'முன்னாடி போறது போவட்டும், நீங்க கொஞ்சம் பொறுங்க'ன்னு. பொறுத்தேன். அது கிளப்பின காத்துல என் விமானம் ஒரு ஆட்டம் ஆடிச்சே! பொறுக்காம திரும்பியிருந்தா நேரா மலையிலதான் மோதியிருப்பேன்."

அன்றைக்கு அந்தப் பக்கம் பறந்தது அவர் ஒருவர்தான். மெட்ராஸில் பலரிடம் கேட்டுவிட்டேன்.

அவர் போனதும் பாவா, "முருகன்தான் மச்சான், மயில்ல போயிருப்பாரு" என்றார்.

"மயிலு எஞ்சின் சத்தம் போடுமா பாவா?"

அந்தச் சத்தத்தை அவரும்தான் கேட்டிருந்தார். மழைக்குள் எங்கள் தலைக்கு மேலே ஒரு எஞ்சின் கடந்து போனது, அதன் பின்னாலேயே சேகருடையது. முதல் சத்தத்தை மலையில் பட்ட எதிரொலி என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருந்தோம்.

எதிரொலி பின்னால்தானே வரும்?