ஈட்டி நின்ற பலகை

நாற்பது வருடமாக மேடை போடுகிறேன். திருவிழா நாடகம், கட்சிக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா எல்லாவற்றுக்கும். முதுகுளத்தூர் பக்கம் உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை நான். மழை ஏமாற்றிய ஒரு வருடம் ராமநாதபுரத்துக்கு வந்து பலகை தூக்கினேன், அப்படியே தங்கிவிட்டேன். இப்போது தொழிலுக்கு வருகிறவர்கள், “அண்ணே, நீங்க பாத்ததுலயே பெரிய புரோகிராம் எது?” என்று கேட்பார்கள். நான் பாதிகூடப் பார்க்காத ஒரு நிகழ்ச்சியைத்தான் சொல்வேன். மீதி நேரம் அந்த மேடைக்கு அடியில் இருந்தேன்.

1. துள்ளுப் பலகை

சீனாவிலிருந்து புத்தத் துறவிகள் சிலர் ஊர் ஊராகப் போய்க் குங்ஃபூ செய்து காட்டுகிறார்கள், மதுரையை முடித்துவிட்டு நம்ம ஊர் மைதானத்துக்கு வருகிறார்கள் என்று விழாக் கமிட்டிக்காரர்கள் வந்து சொன்னார்கள். முப்பதுக்கு இருபத்துநாலு அடி மேடை, தரையிலிருந்து நாலடி உயரம். காலி இரும்பு டிரம் நிறுத்தி, அதன் மேல் குறுக்குச் சட்டம் போட்டு, சட்டத்துக்கு மேல் பலகை. பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால் ஆப்பு அடித்து இறுக்குவோம். எங்கள் வேலை மொத்தமும் இதுதான்.

ஆனால் எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. நாடக மேடையில் நடுப்பலகை நாலுக்கு மட்டும் ஆப்பு அடிக்க மாட்டோம். பபூன் காலைத் தட்டினால் பலகை துள்ளி, சட்டத்தில் மோதி, ‘டொக்’ என்று சத்தம் எழும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் அது கேட்கும். துள்ளுப் பலகை என்று சொல்வோம். “முத்துராமு போட்ட மேடைன்னா பலகையும் சேந்து வசனம் பேசும்” என்று ஒரு பபூன் சொன்னதை நான் ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன்.

குங்ஃபூ என்றால் குதிப்பார்கள், மிதிப்பார்கள். சத்தம் வேண்டாமா? யாரையும் கேட்காமலே நாலு பலகையை இளக்கி விட்டேன். அன்று சவுண்ட் செட் நாகூர்கனி. என்னோடு இருபது வருடமாக வேலை பார்க்கிறவர், வாய் சும்மா இருக்காது. காலையில் வந்து, “அண்ணே, மைதானம் பெருசு. தரை மைக்குக்குப் பக்கத்துல இன்னொண்ணையும் இளக்கி விடுங்க, அதிரட்டும்” என்றார். முன்பக்கம் ஐந்தாவதாக ஒரு பலகையின் ஆப்பையும் தட்டி எடுத்தேன். அப்போதைக்கு அதன் மேலேயே அவர் தன் ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி வைத்தார், சாயங்காலம் நகர்த்திக்கொள்ளலாம் என்று.

2. டம்ளர்த் தண்ணீர்

பன்னிரண்டு துறவிகள், மத்தியானம் வேனில் வந்து இறங்கினார்கள். மொட்டைத் தலை, காவியும் சாம்பலுமாக உடுப்பு. மீனும் கறியும் இல்லாத சாப்பாட்டுக்குக் கமிட்டிக்காரர்கள் பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும். மொழிபெயர்க்க வந்தது தேவி, சென்னைப் பெண், சீன பாஷை படித்தவள்.

அவர்களில் மூத்தவருக்கு ஐம்பது வயது இருக்கலாம். சாப்பிட்ட கையோடு செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினார். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பலகை விடாமல் நடந்தார். நாத்துப் பாவிய வயலில் நடக்கிற மாதிரி அவ்வளவு மெதுவாக. நடுவில் வந்ததும் நின்றார். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி, என் துள்ளுப் பலகையில் வைத்துவிட்டு, பக்கத்தில் குதிகாலால் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். தண்ணீர் தளும்பிப் பலகையில் கொட்டியது.

எனக்குச் சுருக்கென்றது. இது தெரிந்தே செய்தது, சத்தத்துக்காக விட்டது, எங்கள் பக்கத்துப் பழக்கம் என்றெல்லாம் தேவியிடம் அடுக்கினேன். அவள் சொன்னதைப் பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு துறவியைக் கூப்பிட்டு நாலு ஈட்டிகளை எடுத்துவரச் சொன்னார். அடிக்கட்டை பலகையில் ஊன, முனை மேலே பார்க்க, நாலு பேர் நாலு ஈட்டியைப் பிடித்தார்கள். சனத்துக்குத் தெரிகிற மாதிரி மேடை முன்பக்கத்தில், அந்த நாலு முனை மேலும் ஒருவர் வெறும் வயிற்றை வைத்துக் குப்புறப் படுப்பார் என்று தேவி சொன்னாள்.

“நாலும் ஒரே மட்டத்துல நிக்கணும்யா. ஒண்ணு அரை அங்குலம் கீழ போனாலும் பாரம் மத்த மூணு மேல ஏறிடும். அப்ப முனை உள்ள போயிடும்.”

உடனே ஆளை அடியில் அனுப்பி நாலு பலகைக்கும் ஆப்பு அடித்தேன். பெரியவர் ஒவ்வொன்றிலும் டம்ளரை வைத்துத் தட்டிப் பார்த்தார். தண்ணீர் அசையவில்லை. “இதே மாதிரி வேற எதுவும் இருக்கான்னு கேக்குறாரு” என்றாள் தேவி.

“நாலுதாம்மா” என்றேன்.

பொய் சொல்ல நினைக்கவில்லை. அவமானத்தில் ஐந்தாவது மறந்தே போய்விட்டது. அதன் மேல் கனத்த பெட்டி உட்கார்ந்திருந்ததால் பெரியவர் காலுக்கும் அது தட்டுப்படவில்லை. போகும்போது, இடம் பற்றாது என்று அந்தப் பெட்டியை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

3. அடியில் இருந்து

சாயங்காலம் மைதானம் நிறைந்துவிட்டது. திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் பக்கமிருந்தெல்லாம் சனம் வந்திருந்தது. நான் மேடை ஓரத்தில் கனியின் மேஜைக்குப் பக்கத்தில் நின்றேன். ஒலிநாடாவில் முரசு முழங்க, பன்னிரண்டு பேரும் ஓடிவந்து ஆள் உயரத்துக்கு எம்பிக் குதித்தார்கள்.

சத்தமே இல்லை. என் வாழ்நாளில் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. நாடகத்தில் ஒருவர் நடந்தாலே முனகுகிற பலகை, பன்னிரண்டு பேர் இறங்கியும் வாயைத் திறக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா ஒருத்தி, “ஏறுறப்ப நெத்திலி மாதிரி துள்ளுறாக, எறங்குறப்ப எலவம் பஞ்சால்ல எறங்குறாக” என்றாள். “எலும்பை ஊர்லயே வச்சிட்டு வந்துட்டாகளோ என்னமோ” என்றார் அவள் பக்கத்தில் இருந்தவர். சிரித்தவர்கள்கூட அடக்கிச் சிரித்தார்கள். ஒருவர் கையை ஊன்றாமல் தலையை மட்டும் பலகையில் வைத்துத் தலைகீழாக நின்றார். மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த அமைதியில்தான், முன்பக்கம் ஒருவர் கால் மாற்றி வைத்தபோது, கேட்டது. ‘டொக்.’

வேறு யாருக்கும் அது ஒன்றுமில்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

“ஏலே கனி, அஞ்சாவது பலகை.”

கனி தன் பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தார். “யா அல்லா. ஈட்டி எத்தனாவது ஐட்டம்ணே?”

“நாலாவது. மூணாவது முடியுறதுக்குள்ள அடிச்சுருவேன். முரசு சத்தத்தைக் கூட்டி வையி.”

நிறுத்தச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லியிருக்க வேண்டும். தேவி எதிர் ஓரத்தில்தான் நின்றாள், மேடையைச் சுற்றி ஓடினால் எட்டிவிடும் தூரம். ‘நாலுதாம்மா’ என்று சொன்ன வாயால் ஐந்து என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு மனிதர் வயிற்றைவிட என் வெட்கம் பெரிதாகத் தெரிந்த நேரம் அது. இதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்புக்கே அர்த்தமில்லை.

சுத்தியலையும் இரண்டு ஆப்பையும் எடுத்துக்கொண்டு அடியில் புகுந்தேன். குனிந்து போய்ப் பலகையைத் தடவிக் கண்டுபிடித்தேன். முரசு அடிக்கும்போது நானும் அடித்தேன், முரசு நின்றால் நானும் நின்றேன். இடுக்கு வழியாக அவர்கள் உள்ளங்கால்கள் தெரிந்தன. தோல் தடித்து, வெடித்து, எங்கள் மூட்டை தூக்குகிறவர்களின் கால் மாதிரியே இருந்தன. அந்தக் கால்கள்தான் பூனைபோல இறங்கின.

முதல் ஆப்பு பிளந்து இரண்டாகப் போனது. அடுத்ததைப் பாதி இறக்கியிருப்பேன், வாள் ஆட்டம் முடிந்து முரசு நின்றுவிட்டது. அடுத்தது ஈட்டி. சுத்தியலை ஓங்கியபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மறுபடி முரசு கேட்டது. மேலே கம்பு சுழலும் காற்று. கம்பு ஆட்டம் முன்பே வந்துபோனதுதான், திரும்பவும் ஏன் என்று யோசிக்க நேரமில்லை. அடித்தேன். ஆப்பு ஏறி, இனி ஏறாது என்று கைக்குச் சொன்ன பிறகுதான் விட்டேன்.

பிறகு நாலு ஈட்டிகளின் அடிக்கட்டையும் பலகையில் ஊன்றின. ஒன்று என் ஐந்தாவது பலகையில். வெளியே வர மனமில்லை. இரண்டு உள்ளங்கையையும் பலகைக்கு அடியில் வைத்து அழுத்தினேன். நான் தாங்கி அது நிற்கப்போவதில்லை என்று தெரியும், இருந்தும் கையை எடுக்க முடியவில்லை. மேலே ஆள் படுத்ததும் பாரம் மரத்துக்குள் இறங்குவது என் கையில் தெரிந்தது. மெதுவாக, மூச்சு விடுவதுபோல. பலகை நெல்மணி அளவுகூட இறங்கவில்லை. அவரைப் பாதிச் சுற்றுச் சுற்றினார்கள், அதையும் உணர்ந்தேன். பிறகு கைதட்டல் மழைபோலக் கொட்டியது. எதிரே உட்கார்ந்து பார்த்திருந்தாலும் அதைவிட நெருக்கமாக நான் பார்த்திருக்க முடியாது.

கூட்டம் கலைந்த பிறகு மெல்ல வெளியே வந்தேன். மேலெல்லாம் தூசி. மூத்தவர் எதிரிலேயே நின்றிருந்தார், பக்கத்தில் தேவியும் கனியும். “அண்ணே, கம்பு ஆட்டம் ரெண்டாந்தடவை வந்துச்சுல்ல” என்றார் கனி. “வாள் முடிஞ்சதும் இவுகதான் எனக்கு விரலைக் காட்டி, முரசை மறுபடி போடச் சொன்னாக.”

முரசுக்கு நடுவே என் சுத்தியல் அவருக்குக் கேட்டிருக்கிறது. நான் முடிக்கட்டும் என்று மொத்த மைதானத்தையும் காக்க வைத்திருக்கிறார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் இரண்டு வார்த்தை பேசினார். தேவி தயங்கித்தான் சொன்னாள்.

“அஞ்சாவதுன்னு அப்பவே வந்து சொல்லியிருந்தா, ரெண்டு பேருமா உக்காந்து அடிச்சிருக்கலாமேன்னு சொல்றாரு.”

சொல்லிவிட்டு, தங்கள் வழக்கப்படி ஒற்றைக் கையை மார்புக்கு நேரே நிமிர்த்தி வணங்கினார். என் வலது கையில் சுத்தியல். நானும் ஒற்றைக் கையால்தான் திரும்ப வணங்கினேன்.

துள்ளுப் பலகையை நான் விட்டுவிடவில்லை. பபூன் கேட்டால் இப்போதும் இளக்கிக் கொடுப்பேன். சாக்பீஸால் அதில் ஒரு வட்டம் போட்டு, ஆடப் போகிறவரையே மேடைக்குக் கூப்பிட்டு, “இங்கன, இங்கன, அங்கன ஒண்ணு” என்று வாய்விட்டு எண்ணிக் காட்டிவிட்டுத்தான் கீழே இறங்குகிறேன். எண்ணி முடித்த பிறகும் ஒருமுறை செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்க்கிறேன்.