ஏறப் பழக்காத பங்கர்

கதிரையிலிருந்து எழும்ப முன்னம் விமலேஸ்வரி வாயைக் குவித்து ஒருக்கா மூச்சை ஊதுவாள். வாளி தூக்கவும் ஊதுவாள், பஸ் ஏறவும் ஊதுவாள். சமாதான காலத்தில் கிளிநொச்சிக்கு வந்த வெள்ளைக்காரி ஒருத்தியிடம் பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சியைப் பழகிய நாளிலிருந்து வருசக்கணக்காக ஒட்டிக்கொண்ட பழக்கம் அது.

அந்தப் பயிற்சியை முதுகும் இடுப்பும் அடிபட்ட பெண்களுக்கு ஒரு ஓலைக் கொட்டிலில் அவள் சொல்லிக்கொடுத்தாள். பாயில் படுத்து, வயிற்றை இறுக்கி, காலை மெல்ல உயர்த்த வேண்டும். 2008 ஆவணியில், குண்டு போடக் கிபிர் விமானங்கள் அடிக்கடி வரத் தொடங்கியபோது, அவர்களில் ஒருத்தியான தயாளினி படுத்தபடியே கேட்டாள்:

"அக்கா, கிபிர் வரேக்கையும் பாயை விரிச்சுக் காலைத் தூக்கவோ?"

எல்லாரும் சிரித்தார்கள். தயாளினி சிரிக்கவில்லை. அவளுக்கு ஷெல் துண்டு பட்ட முதுகு. புருசன் சின்னராசாதான் அவளைத் தூக்கிப் பதுங்குகுழிக்குள், பங்கருக்குள் இறக்குவான். அவன் வயலுக்குப் போன நேரம் விமானம் வந்தால் அவள் முற்றத்தில்தான்.

மறுநாள் விமலேஸ்வரி பாய்களைச் சுருட்டி வைத்தாள். கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, குந்தி எழும்புவது, பிறகு வளவிலிருந்த பங்கருக்குள் இறங்குவது என்று பயிற்சி மாறியது.

"குதியாதையும். திரும்பி நிண்டு மண்சுவரைப் பிடியும். ஊதிக்கொண்டு ஒவ்வொரு காலா."

"ஏறுறது எப்பிடியக்கா?" என்றாள் தயாளினி.

"ஏத்திவிட ஆக்கள் இருப்பினம்தானே. முதல்ல இறங்கும்."

அப்படித்தான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

ஒருநாள் பழகும்போதே இரைச்சல் கேட்டது. மற்றவர்கள் பாய்ந்து இறங்கினார்கள். விமலேஸ்வரி தயாளினியைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

"தொடாதேங்கோ அக்கா!"

தயாளினி திரும்பி மண்ணைப் பிடித்து ஊதினாள். ஒரு கால். இரைச்சல் தலைக்கு மேலே வந்துவிட்டது. மற்றக் கால். அவளுக்குப் பின்னால் விமலேஸ்வரி குதிக்க, நிலம் அதிர்ந்து மண் கொட்டியது.

"தனியத்தான் இறங்கினனான். அவருக்குச் சொல்லுங்கோ!" இருட்டுக்குள் தயாளினி சிரித்தாள்.

மேலே வர இரண்டு பேர் இழுக்க வேண்டியிருந்தது. வலியில் கத்திவிட்டாள்.

"ஏறுறதை வாற கிழமை பழக்குறன்," என்றாள் விமலேஸ்வரி.

அடுத்த கிழமை கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. சண்டை நெருங்க, சனம் விசுவமடுப் பக்கம் நகரத் தொடங்கியிருந்தது.

அடுத்த வருசம், வவுனியா அகதி முகாமில் தண்ணீருக்கு நின்ற வரிசையில் தன் பழைய வகுப்பில் பழகிய அன்னபாக்கியத்தை விமலேஸ்வரி கண்டாள்.

"தயாளினியைக் கண்டனீரே?"

"விசுவமடுவில பக்கத்து வளவு. கிபிர் வந்தால் எங்களுக்கு முன்னம் இறங்கீடுவாள், கெட்டிக்காரி."

"சின்னராசா?"

"அவன் மார்கழியில செத்துப்போனான் அக்கா."

"அப்ப ஆர் அவளை ஏத்திவிட்டது?"

அன்னபாக்கியம் வாளியைப் பார்த்தாள். "தெரியாது. நாங்கள் அவளுக்கு முதலே அங்கையிருந்து வெளிக்கிட்டிட்டம்."

பங்கரிலிருந்து ஏற, மண்சுவரில் படி வெட்டி, ஒரு முழங்காலை மேலே வைத்து, ஊதிக்கொண்டு எழும்ப வேண்டும். பழக்க ஒரு பின்னேரம் போதும். அந்தப் பின்னேரத்தை விமலேஸ்வரி தயாளினிக்கு இன்னும் கொடுக்கவில்லை.