அத்தை வாயில் போட்ட சர்க்கரை

எங்கள் மலையூர் கேத்தியில் காரட் கழுவும் மிஷினை முதலில் இறக்கியவன் நான். மூன்று லாரி, பாறையை உடைத்து எழுப்பிய மாடி வீடு, இரண்டு பெண்களுக்குக் கல்யாணம், எல்லாம் ஐந்தாம் வகுப்புப் படிப்பில் முடித்தது. எவன் காலிலும் விழவில்லை. ஆனால் இதற்கெல்லாம் முன்னால், எட்டு வயதில், ஒரு நோயைக் கண்டுபிடித்தேன். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அப்பாவின் தங்கை, என் அத்தை, புருஷனை இழந்து எங்களோடு இருந்தாள். விடியலில் பள்ளத்தாக்கு மூடுபனிக்குள் கிடக்கும். வெறும் வயிற்றோடு அத்தையும் அதற்குள் போய்விடுவாள். வேர்த்துக் கொட்டும்; கண் எங்கோ மிதக்கும்; என்னையே செத்துப்போன மாமா என்று நினைத்துப் பேசுவாள். சர்க்கரை தூக்கலாக டீ கொடுத்தால் மெல்லத் திரும்பி வந்து, "ஏன் கண்ணு, இன்னும் தல சீவலயா?" என்பாள். ஆத்தா வந்து போகிறாள் என்றது ஊர். எனக்குத் தெரிந்ததெல்லாம், இனிப்புப் பட்டால் ஆத்தா கிளம்பிவிடுவாள் என்பதுதான்.

மாரியம்மன் நோன்பில் அத்தைக்கு மூன்று நாள் பச்சைத் தண்ணீர் மட்டும். மூன்றாம் நாள் காலை கோயில் வாசலில் ஆடினாள். பனி அவள் இடுப்பைச் சுற்றிப் படர, தரையைத் தொடாமல் ஆடுவது போலிருந்தது. "மழை எப்பங்க ஆத்தா?" என்று கூட்டம் கேட்டது. குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போல வந்தது. அப்புறம் வரவில்லை. சாய்ந்தாள். வாய் கோணியது. எல்லாரும் கும்பிட்டு நின்றார்கள்.

எனக்கு என் அத்தை வேண்டும். பொங்கலுக்கு வைத்திருந்த நாட்டுச்சர்க்கரையை அள்ளி அவள் கன்னத்துக்குள் அப்பினேன். எத்தனை நேரமோ தெரியாது. கண் திறந்து அப்பாவைப் பார்த்தாள்.

"பசிக்குதுங்கண்ணா."

"சாமியத் தொரத்திப்போட்டானே பாவி!" அப்பாவின் அடி இன்னும் முதுகில் இருக்கிறது.

அடுத்த வருட நோன்பில் என்னை ஊட்டுக்குள் வைத்துப் பூட்டினார்கள். கோயில் வாசலில் சாய்ந்த அத்தை திரும்பவில்லை. நான் துரத்தின சாமி கோபித்துக்கொண்டு அவளைத் தூக்கிப்போய்விட்டது என்று ஐம்பது வருடம் நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை.

போன வருடம் சின்ன மகள் விடியலில் அப்படியே வேர்த்து, என்னை யாரென்று கேட்டாள். கோயமுத்தூரில் ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் சின்னச் சின்னக் கட்டிகள். உடம்புச் சர்க்கரையைக் குடித்துவிடுகின்றனவாம். வம்சத்தில் வருவதாம். எனக்கும் பார்த்தார்கள். பட்டாணி அளவில் இரண்டு, சத்தம் போடாமல் உறங்குகின்றன. அத்தைக்குச் சர்க்கரை போட்ட நாளிலேயே அதன் விதை என் வயிற்றிலும் இருந்திருக்கிறது.

நான் அத்தை கதையைச் சொன்னதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அவங்களுக்கு இருந்ததும் இதுதாங்க ஐயா. நீங்க போட்டதுதான் மருந்து."

மகளுக்கு ஆபரேஷன் முடிந்து, விடியலில் அவளாகவே எழுந்து தலை சீவுகிறாள். ஆஸ்பத்திரி ஃபைலில் எங்கள் வம்சத்தைப் படமாக வரைந்திருக்கிறார்கள். அத்தை ஒரு வட்டம், செத்தவள் என்று குறுக்கே கோடு. நான் வெறும் கட்டம். அந்தக் கட்டத்துக்குக் கீழே, 'சர்க்கரை போட்டவன் இவன்' என்று எழுதச் சொல்லுங்கள். எழுதும்வரை அந்த ஃபைலில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.