தொப்பிக்காரர் படத்துக்கு மாலை

சனிக்கிழமைகளில் நான் பேய்க்கதை சொல்லப் போகிறேன் என்றதும் என் மகன் போனில் சிரித்தான். நான் குடியிருக்கும் சான் ரமோனிலிருந்து அரை மணி நேரம் கார் ஓட்டினால், மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற சாலை முடியும் இடத்தில் ஒரு குட்டி ஊர். ஒரே ஒரு கடைத்தெரு, ரயில் பாதை, பழைய சினிமாக் கொட்டகை. சனிக்கிழமை மதியம் அங்கே ஊமைப்படம் ஓடும். நான் வாசலில் நின்று டிக்கெட் கிழித்து, வருகிறவர்களுக்கு அந்த ஊர் நடிகரின் கதையைச் சொல்வேன். சம்பளம் கிடையாது. காகிதக் கப்பில் பாப்கார்ன் உண்டு.

ஒரு திங்கட்கிழமை மீட்டிங்கில் வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. சளியெல்லாம் இல்லை. வெள்ளிக்கிழமை மாலைக்குப் பிறகு நான் யாரிடமும் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்காரர் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மகன் நியூஜெர்சியில் படிக்கிறான். வேலை வீட்டிலிருந்தே. வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு எனக்கு எல்லா வசதியும் இருந்தது. அந்த வாரமே கொட்டகையில் ஆள் தேவை என்ற நோட்டீஸைப் பார்த்துப் போய்ச் சேர்ந்தேன்.

'வீட்டுக்காரர் இறந்து' என்று இப்போது எழுத வருகிறது. அப்போது வாயில் வராது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கோயமுத்தூர்க்காரப் பெண் முதல் நாளே, "சார் ஆபீஸ் போயிட்டாருங்களா?" என்று கேட்டாள். "ஆன்சைட்ல இருக்கார். நியூஜெர்சியில, எடிசன்ல ப்ராஜெக்ட்" என்றேன். பொய் அவ்வளவு சுளுவாக வந்து விழுந்தது. அதற்கு அப்புறம் மாதாமாதம் அந்த ப்ராஜெக்டை நானே நீட்டிக்கொண்டு போனேன். தீபாவளிக்கு அவள் இரண்டு டப்பா அதிரசம் கொண்டுவந்தாள். ஒன்று எனக்கு, இன்னொன்று சார் வரும்போது கொடுக்க. அதை ஃப்ரீசரில் வைத்தேன்.

காரியத்துக்காகப் பெரிதாக்கி ஃப்ரேம் போட்ட அவர் படம், துணி அலமாரியில் கோட்டுகளுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி இருந்தது. உறவுக்காரர்கள் போட்ட மாலையை, அவர்கள் கிளம்பிய மறுநிமிடமே கழற்றிவிட்டேன். மாலை போட்ட படம் சுவரில் ஏறிவிட்டால் ஆள் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். எனக்கு அதற்கு மனசில்லை.

கோடை விடுமுறைக்கு வந்திருந்த மகனிடம் பக்கத்து வீட்டுக்காரி, அப்பா உன்னோடுதான் தங்கியிருக்கிறாரா என்று கேட்டுவிட்டாள். அவன் தலையாட்டினான். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். இங்கேயே பிறந்தவன், தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் சொல்வான். எனக்கு அப்பா செத்துப்போய்விட்டார், உனக்கு இன்னும் இல்லை, இந்த வீட்டில் எனக்கு அழக்கூட இடமில்லை என்றான். அந்த ஆன்ட்டிக்கு உண்மை தெரிகிறவரை வரமாட்டேன், நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் லீவுக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் அப்பாவின் பிடிவாதம், அப்படியே இருக்கிறது.

கொட்டகையில் என் பொய்களுக்கு நல்ல மரியாதை. அந்த நடிகர் பேசாத படங்களின் காலத்தவர், கௌபாய் வேஷக்காரர். பட்டணத்துத் தையல்கடையில் பித்தான் தைத்துக்கொண்டிருந்தவர். குதிரை ஓட்டத் தெரியும் என்று அளந்துவிட்டு வேலையில் சேர்ந்து, முதல் நாளே கீழே விழுந்தாராம். பிறகு வாரத்துக்கு ஒரு படம். எல்லாவற்றிலும் ஒரே கதை: அவர் கொள்ளைக்காரர், தப்பித்துப் போகிற வழியில் காய்ச்சலில் கிடக்கும் ஒரு குழந்தையைப் பார்ப்பார், அதைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போய் மாட்டிக்கொள்வார். ஒருநாள் இந்த ஊரில் இருந்த படக் கம்பெனியை மூடிவிட்டதாகத் தந்தி வந்தது. ஒரே பெட்டியோடு ரயிலேறினார். படங்கள் பேச ஆரம்பித்தபோது அவரை யாரும் கூப்பிடவில்லை. தெற்கே எங்கோ ஒரு வாடகை அறையில் தனியாகச் செத்துப்போனார்.

செத்த பிறகுதான் ஊருக்குத் திரும்பினார் என்பார்கள். கடைசி வரிசை ஓர நாற்காலி அவருக்கு. அதில் யாரும் உட்காரக் கூடாது, ஒரு தொப்பி வைத்திருப்போம். படம் ஓடும்போது பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்குமாம். மலைச்சாலையில் கை காட்டி லிஃப்ட் கேட்பாராம், ஏற்றிக்கொண்டால் ஊர் வருவதற்குள் சீட் காலியாகிவிடுமாம். நம்மூர்ப் புளியமரத்துப் பேய்க்கும் இவருக்கும் தொப்பி ஒன்றுதான் வித்தியாசம். இதையெல்லாம் நான் நடைவழியில் மாட்டியிருந்த பழுப்பேறிய படத்தைக் காட்டிக்காட்டிச் சொல்வேன். அகலத் தொப்பி, தொங்கு மீசை, வெயிலுக்குச் சுருங்கிய கண்.

ஒன்று சொல்லவேண்டும். தனியாக ஓட்டிக்கொண்டு வரும்போது, அந்த வளைவுகளில் நான் வேகத்தைக் குறைப்பேன். யாராவது கை காட்டினால் ஏற்றிக்கொள்ளத்தான்.

நவம்பர் தொடக்கத்தில் நடிகருக்கு நினைவு நாள் வைத்தார்கள். உங்கள் ஊர் வழக்கப்படி ஏதாவது செய்யுங்கள் என்று என்னையும் கேட்டார்கள். ஃப்ரீமான்ட்டில் நம்மூர்க் கடையில் சொல்லிவைத்து, சாமந்தி மாலை வாங்கிவந்தேன். நடைவழிப் படத்தைத் துடைத்து, கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்து, மாலையைப் போட்டேன். சொந்த வீட்டுப் படத்தை இருட்டில் வைத்துவிட்டு யாரோ ஒரு கௌபாய்க்கு மாலை போடுகிறாயே என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

படம் ஓட்டுகிறவர் மாடியிலிருந்து இறங்கிவந்தார். எண்பது தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், தனிக்கட்டை. மாலையைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அது நான்தான்" என்றார்.

எப்போதோ நடந்த ஊர்த் திருவிழாவில் நடிகர் வேஷம் போட்டபோது எடுத்த படமாம். நான் அதைக் காட்டிக் கதை விட்டதெல்லாம் அவருக்குத் தெரியும். தன்னைப் பேய் என்று நாலு பேர் நம்புவது பிடித்திருந்ததால் பேசாமல் இருந்திருக்கிறார். உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டேன். பிடுங்கப் போன கையை அவர் தடுத்தார். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "நான் போன பிறகு யார் போடப்போகிறார்கள்? இப்போதே பார்த்துக்கொள்கிறேனே" என்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. கெஞ்சி மாலையைக் கழற்றி, பேயின் நாற்காலியில் இருந்த தொப்பியைச் சுற்றிப் போட்டேன். சேரவேண்டியவருக்குச் சேர்ந்துவிட்டது என்றார் அவர்.

என் பயம் போகவில்லை. தினமும் காலையில் அவருக்குப் போன் செய்தேன். எடுத்ததும், "இன்னும் இருக்கிறேன்" என்பார், வைத்துவிடுவார். ஐந்தாம் நாள் எடுக்கவில்லை. மூன்று முறை அடித்தேன். மீட்டிங்கைப் பாதியில் விட்டு, அந்த மலைச்சாலையில் ஒரு வளைவிலும் வேகம் குறைக்காமல் போனேன். மனிதர் கொட்டகையில் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார், போன் காரில். அவரைத் தமிழில் திட்டினேன். அவரும் புரிந்த மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

காருக்கு வந்து உட்கார்ந்தேன். இரண்டு வருடம் முன்பு வீட்டுக்காரருக்கும் இதே போல மூன்று முறை அடித்தேன். மீட்டிங்கில் இருப்பார் என்று நினைத்துச் சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தேன். அவர் ஆபீஸ் பார்க்கிங்கில், காருக்குள், ஸ்டியரிங்கில் சாய்ந்து கிடந்தார். அன்றைக்கு ஓட்டாத வண்டியைத்தான் இன்று ஓட்டினேன் என்று தெரிந்தது. வாய்விட்டு அழுதேன். பிறகு நேரே ஃப்ரீமான்ட்டுக்குப் போய் இன்னொரு மாலை வாங்கினேன்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கும்போது பக்கத்து வீட்டுக்காரி தபால் எடுக்க வந்தாள்.

"மாலை சாமிக்குங்களா?"

"இல்ல. அவர் படத்துக்கு."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. எப்போது என்று கேட்டாள். ரெண்டு வருஷம் ஆச்சு என்றேன். எடிசன், ஆன்சைட் எல்லாம் பொய் என்று சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நான் அவருக்குன்னு அதிரசம் குடுத்தேனேங்க" என்றாள். அழுதது அவள்தான் முதலில்.

"ஃப்ரீசர்லதான் இருக்கு."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கோட்டுகளுக்குப் பின்னாலிருந்து படத்தை எடுத்தேன். அவள் பிடித்துக்கொள்ள நான் ஆணி அடித்தேன், கோணலாகத்தான் அடித்தேன். மாலையை நானே போட்டேன். அதிரசத்தை மைக்ரோவேவில் சூடாக்கி அவள் ஒரு தட்டில் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

அவள் போன பிறகு மகனைக் கூப்பிட்டேன். ஆன்ட்டிக்குத் தெரியும், நீ வரலாம் என்றேன்.